எந்த அளவையால் அளக்கிறோம்?



நம் துறை அரங்குகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: “இவர் வாதத்தில் தருக்கமே இல்லை.” ஏது எங்கே பிழைத்தது, எடுத்துக்காட்டு ஏன் பொருந்தவில்லை என்று காட்டிவிட்டுச் சொன்னால் ஏற்கலாம். பெரும்பாலும் யாரும் காட்டுவதில்லை. எதிரில் இருப்பவர் வேறோர் அளவையை, அதாவது அறியும் வழியை, ஏற்றவர் என்றாலே அவருக்கு அறிவில்லை என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். அறிவுச் செருக்கு என்று நான் சொல்வது இதைத்தான்.

பெரிய மேதைகளும் இதற்கு விலக்கல்லர். ஒரு கூற்று உண்மை, இல்லையேல் அதன் மறுப்பு உண்மை. மூன்றாவது வழி கிடையாது. இந்த விதி முடிவிலாத் தொகுதிகளுக்கும் செல்லுமா என்று டச்சுக் கணிதர் ப்ரௌவர் 1908இல் கேட்டார். ஜெர்மானியக் கணிதத்தின் தலைமகனாக இருந்த ஹில்பர்ட்டுக்கு அது பொறுக்கவில்லை. ப்ரௌவரும் பணிந்து பேசுபவர் அல்லர். பிணக்கு முற்றி, 1928இல் ‘மத்தமாட்டிஷே அன்னாலன்’ என்ற கணித இதழின் ஆசிரியர் குழுவிலிருந்தே ப்ரௌவர் விலக்கப்பட்டார். அந்த விலக்கலில் சேர ஐன்ஸ்டைன் மறுத்தார். 1933இல் குர்ட் கேடல் என்ற இளைஞர், எண்கணிதத்தைப் பொறுத்தவரை ப்ரௌவர் வழித் தருக்கம் முரணற்றதென்றால் பழைய தருக்கமும் முரணற்றதே என்று நிறுவினார். இரண்டையும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்ததன் பயன் அது. குழுவிலிருந்து ஒருவரை வெளியேற்றியதால் ஒரு தேற்றமும் கிடைக்கவில்லை.

நம் மணிமேகலைக் காப்பியத்துக்கு வருகிறேன். வஞ்சி மாநகரில் பெருந்தவத்தோன் வடிவில் சமயவாதிகளைக் கேட்கும் மணிமேகலை முதலில் சந்திப்பது அளவைவாதியை. வேதவியாதனுக்கு அளவை 10, கிருதகோடிக்கு 8, சைமினிக்கு 6 என்கிறான் அவன். அளவைகள் எத்தனை என்பதிலேயே ஆசிரியர்களுக்குள் உடன்பாடில்லை என்பதைக் காப்பிய ஆசிரியர் சாத்தனார் மறைக்காமல் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறார். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. கடைசியில் வரும் பூதவாதிக்குக் காட்சி ஒன்றே அளவை. முற்பிறப்பை உணர்ந்தேன் என்று அவள் சொல்ல, அது வெறும் மயக்கம் என்று தள்ளுகிறான். அவனைப் பார்த்து அவள் சிரித்ததும் உண்டு. சிரிப்போடு நின்றுவிடவில்லை. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். அவன் தள்ளிய அளவை அவன் வாழ்க்கைக்குள்ளேயே இருப்பதை அவனுக்கே எடுத்துக் காட்டுகிறாள்.

காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிக்கும்போது பக்கப் (மேற்கோள்) போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் (எடுத்துக்காட்டு) போலி 10 என்று பிழைகளை வகுத்துரைக்கிறார். இப்பகுதி பௌத்தத் தருக்க ஆசிரியர் திக்நாகருக்கு முந்தியதா பிந்தியதா என்ற சர்ச்சையை இன்று பிற்பகல் அமர்வுக்கு விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியமானது வேறு. பிறர் வாதம் பிழை என்பவர், இந்த 33 போலிகளில் அது எந்தப் போலி என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

சைவ நூலான சிவஞான சித்தியாரும், பிறர் மதங்களைப் பேசும் பரபக்கப் பகுதியில் 14 மதங்களை மறுக்கிறது. ஒவ்வொன்றின் கொள்கையையும் முதலில் கூறிவிட்டே மறுக்கிறது. பௌத்தக் குண்டலகேசியை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியில் ஏச்சு உண்டு; அதை நான் போற்றமாட்டேன். ஆயினும் மறைந்துபோன அக்குண்டலகேசியின் பாடல்கள் சில, நீலகேசிக்கு உரை எழுதிய சமயதிவாகர வாமன முனிவரின் கையால்தான் நம்மை வந்தடைந்தன.

ஆகவே இந்த அரங்கில் மறுப்புரைக்க எழுவோருக்கு ஒரு வேண்டுகோள். “ஆம், நான் சொன்னது இதுதான்” என்று கட்டுரையாளரே ஒப்பும்படி அவர் கருத்தை முதலில் எடுத்துச் சொல்லுங்கள். அவர் ஏற்கும் அளவைகள் எவை என்று கேளுங்கள். அதன்பின் பிழையைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். அமர்வுத் தலைவர்கள் இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். கட்டுரை வாசிப்பு நேரம் அதனால் குறைந்தாலும் குறையட்டும்.