நள்ளிரவில் எண்ணெய்க் கடை

(ஆண்டின் பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு – முதலாம் ஆண்டு. நற்செய்தி: மத்தேயு 25:1-13. வானொலியில் வழங்கிய மறையுரை.)



இன்றைய நற்செய்தியில் பத்துத் தோழியர் மணமகனை எதிர்கொள்ளப் போகிறார்கள். ஐந்து பேர் விளக்கோடு எண்ணெயும் எடுத்துச் சென்றார்கள். மற்ற ஐந்து பேர் விளக்கை மட்டும் கொண்டுபோனார்கள். மணமகன் வரத் தாமதமானபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள். தூங்கியதற்காக ஆண்டவர் யாரையும் குறை சொல்லவில்லை. நள்ளிரவில் குரல் கேட்டு எழுந்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. எண்ணெய் இல்லாதவர்கள் கடையைத் தேடி ஓடினார்கள். வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது கதவு அடைத்திருந்தது.

இந்த உவமையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கடை நினைவுக்கு வரும். நான் உரோமையில் இறையியல் படித்துக்கொண்டிருந்த காலம். நவம்பர் மாதத்தில் இறந்தோர் நினைவு நாட்களையொட்டித் திருப்பலி நிறைவேற்ற உதவியாக, வட இத்தாலியில் மோதெனா நகருக்கு அருகே ஒரு பங்கிற்குச் சென்றிருந்தேன். ஒரு மாலையில் அங்குள்ள பங்குத்தந்தை என்னை ஒரு கடைக்கு அழைத்துப் போனார். அந்தக் கடையில் இரண்டே சரக்குதான். ஒரு பக்கம் ஒலிவ எண்ணெய், மறுபக்கம் பால்சாமிக் வினிகர் எனப்படும் திராட்சைக் காடி. நடத்தியவர் வயதான ஓர் அம்மா.

அவர் முதலில் எனக்கு எண்ணெய் கொடுத்தார். அந்த வாரம்தான் தொஸ்கானா பகுதியிலிருந்து வந்த புதிய எண்ணெய் அது. சிறிய கிண்ணத்தில் ஊற்றி, உள்ளங்கையில் வைத்துச் சற்றுச் சூடேற்றி, முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கச் சொன்னார். குடித்ததும் நாவில் கசப்பு, தொண்டையில் காரம். இருமல் வந்துவிட்டது. கெட்டுப்போன எண்ணெயோ என்று நினைத்தேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, “இந்தக் கசப்பும் காரமும்தான் நல்ல எண்ணெயின் அடையாளம். பறித்தவுடன் ஆட்ட வேண்டும். ஆட்டியதைச் சீக்கிரம் பயன்படுத்த வேண்டும். வெளிச்சமும் சூடும் காற்றும் எண்ணெய்க்குப் பகை. எண்ணெயைச் சேர்த்து வைக்கக் கூடாது, சாமி” என்றார்.

பிறகு ஒரு கரண்டியில் இரண்டு சொட்டுக் காடி ஊற்றினார். கருத்த நிறம், தேன்போன்ற பதம், இனிப்பும் புளிப்பும் கலந்த சுவை. திராட்சைச் சாற்றை நெருப்பில் காய்ச்சிச் சுண்டவைத்து மரப் பீப்பாய்களில் ஊற்றுகிறார்கள். பீப்பாய்கள் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக நிற்கும். ஓக், செர்ரி, முசுக்கட்டை என்று வேறு வேறு மரங்களால் செய்தவை. அவற்றை வீட்டின் மேல்பரணில் வைக்கிறார்கள். கோடையின் கொதிப்பும் குளிர்காலத்தின் குளிரும் இரண்டுமே அதற்குத் தேவை. ஆண்டுக்கு ஒருமுறை கடைசிச் சிறிய பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு, அதை அடுத்த பெரிய பீப்பாயிலிருந்து நிரப்புவார்கள். அப்படியே வரிசையாக நிரப்பி, முதல் பீப்பாயில் புதிய சாற்றை ஊற்றுவார்கள். குறைந்தது 12 ஆண்டுகள் இப்படிச் செய்தால்தான் ‘பாரம்பரியக் காடி’ என்று பெயரிட்டு விற்கலாம். 25 ஆண்டுகள் கடந்தது இன்னும் உயர்ந்தது. விற்பதும் 100 மில்லி லிட்டர் கொண்ட சிறிய புட்டியில்தான்.

மகள் பிறந்தால் அவளுக்கென்று ஒரு பீப்பாய் வரிசையைத் தொடங்குவது அந்தப் பகுதியில் பழைய வழக்கமாம். மணமாகிப் போகும்போது அது அவளுக்குச் சீதனம். “மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு தொடங்கினால் என்ன ஆகும்?” என்று விளையாட்டாகக் கேட்டேன். “அவளுடைய பேத்தி சாப்பிடுவாள்” என்றார் அந்த அம்மா.

அன்பர்களே, முன்மதியுள்ள தோழியர் ஏன் எண்ணெயைப் பகிர்ந்துகொள்ளவில்லை என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். “இவ்வளவு கல்நெஞ்சமா, சாமி?” என்பார்கள். அந்தப் பரணில் நின்றபோது எனக்கு அதற்கு ஒரு விடை கிடைத்தது. 12 ஆண்டுகளை யாருக்கும் கடனாகக் கொடுக்க முடியாது. ஒரு தாய் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த செபமாலையை, அவள் இறந்த அன்று மகன் கைமாற்றாக வாங்கிக்கொள்ள முடியாது. பக்கத்து வீட்டுக்காரரின் மன்னிக்கும் மனதை நான் இரவல் கேட்க முடியாது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நிரப்பினால்தான் அது நம்முடையதாகும்.

இனி எண்ணெயைப் பற்றி. அந்த அம்மாவிடம் ஒரு புட்டி புதிய எண்ணெய் வாங்கினேன். படிப்பு முடிந்து ஊர் திரும்பியபோது அதைப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் திறக்கலாம் என்று வைத்தேன். பிறகு, ஆயர் வரும்போது திறக்கலாம் என்று வைத்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திறந்தால் சிக்கு வாடை. நானும் உண்ணவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. கீழே கொட்டினேன்.

ஒரு புட்டி எண்ணெய் போனால் போகட்டும். ஆனால் அதே தவற்றை இன்னொரு எண்ணெயிலும் செய்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

நான் பணியாற்றிய ஒரு பங்கில், ஞாயிறு திருப்பலி முடிந்து ஒரு பெரியவர் கோவில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாமி, ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்க. கால் வீக்கம் குறையல. நன்மை வாங்கணும், பூசுதலும் வாங்கிக்கணும்” என்றார். “இந்த வாரமே வருகிறேன், ஐயா” என்றேன். அது திருவிழாக் காலம். கொடியேற்றம், தேர், கணக்கு, கூட்டம் என்று மூன்று வாரங்கள் ஓடிவிட்டன. ஒரு நாள் விடியற்காலையில் அவருடைய மகன் வந்து கதவைத் தட்டினார். எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு ஓடினேன். இரவே உயிர் பிரிந்திருந்தது. நோயில்பூசுதல் உயிரோடு இருப்பவர்களுக்கான அருளடையாளம். இறந்தவர்களுக்கு அதை வழங்குவதில்லை. முழந்தாளிட்டு இறந்தோருக்கான செபங்களைச் சொன்னேன். சிமிழைத் திறக்காமலே கோவிலுக்குத் திரும்பினேன். இறைவன் அவரைக் கைவிட்டிருக்க மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அவர் கேட்டதை நான் கொடுக்கவில்லை. என் கையில் எண்ணெய் இருந்தது. நான்தான் நேரத்தில் போகவில்லை.

உங்கள் வீடுகளிலும் இது நடக்கிறது. “சாமியாரைக் கூப்பிட்டால் அப்பா பயந்துவிடுவார்” என்று தள்ளிப்போடுகிறீர்கள். ‘அவஸ்தைப்பூசுதல்’ என்று முன்பு சொல்லிவந்த பெயர் இன்னும் நம் மனதிலிருந்து போகவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டிலேயே, இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியது அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நோயாலோ முதுமையாலோ ஒருவருடைய உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே தகுந்த நேரம் வந்துவிட்டது. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன் பெற்றுக்கொள்ளலாம். தளர்ந்துபோன முதியோர் பெற்றுக்கொள்ளலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். நோயுற்றவர் மூப்பர்களை அழைத்துவரச் செய்யட்டும் என்றுதான் யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதுகிறார். நோயாளி தாமே கேட்டு, உணர்வோடு சேர்ந்து செபித்து, நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசப்பெறுவது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஒவ்வோர் ஆண்டும் புனித வாரத்தில், எண்ணெய்த் திருப்பலியில் ஆயர் புதிய எண்ணெயை மந்திரிக்கிறார். பழைய எண்ணெயை அடுத்த ஆண்டுக்கென்று நாங்கள் சேர்த்து வைப்பதில்லை. அதைக் கோவில் விளக்கில் ஊற்றி எரிப்பது வழக்கம். சிமிழில் எண்ணெய் மிஞ்சியிருக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவர் நினைவுக்கு வருகிறார். கேட்டும் கொடுக்காமல் விட்டது எவ்வளவோ என்று மனம் குத்துகிறது.

ஆகவே இந்த வாரத்துக்கு இரண்டு காரியங்கள். நாள்பட விளைய வேண்டியதை இன்றே தொடங்குங்கள். இரவில் ஒரு பத்துமணிச் செபமாலையாவது குடும்பமாகச் சொல்லுங்கள். இந்த ஆண்டு ஊற்றவில்லை என்றால் பன்னிரண்டாம் ஆண்டில் எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. சூட்டோடு கொடுக்க வேண்டியதையும் இன்றே கொடுங்கள். பேசாமல் இருக்கும் அண்ணனோடு பேசுங்கள். படுத்திருக்கும் அத்தையைப் போய்ப் பாருங்கள். வீட்டில் நோயாளி இருந்தால் உங்கள் பங்குத்தந்தைக்கு இன்றே சொல்லி அனுப்புங்கள். அவர் வரத் தாமதித்தால், வெட்கப்படாமல் மறுநாளும் போய்க் கேளுங்கள். எங்களுக்கும் அந்த நினைவூட்டல் தேவைப்படுகிறது.

விழிப்பாயிருக்கச் சொன்ன ஆண்டவர், நம் விளக்குகளில் எண்ணெய் குறையாமல் காப்பாராக. ஆமென்.