அழையாது வரும் செய்திகள்

தந்திச் சேவகர் படலையடியில் வந்து நின்று மணியடித்த காலத்தில், உறையைப் பிரிக்குமுன்னரே வீட்டிலுள்ளாருடைய நெஞ்சு படபடத்தது. தந்தி என்றால் அவசரம்; அவசரம் என்றால் பெரும்பாலும் துயரம் என்பதே அக்கால எண்ணம். ஆயினும் அந்தத் தந்திக்குச் சாட்சிகள் இருந்தனர். அதனை அனுப்பியவர் எங்கோ ஒரு தபாற் கந்தோரில் எழுதுவினைஞர் முன்னிலையில் நின்று, படிவம் நிரப்பி, சொற்களை எண்ணிக் காசு கட்டியவர். கொண்டுவந்து கொடுத்தவரும் ஊரறிந்தவர். இற்றைநாளிற் கையடக்கத் தொலைபேசியில் வந்து விழும் குறுஞ்செய்திக்கோ தந்தியின் அவசரம் உண்டு. தந்திக்கிருந்த சாட்சிகள் இல்லை. இவ்வேறுபாட்டை உணராமையால், பல்லாண்டு உழைத்துச் சேர்த்த தேட்டத்தை ஒரு நாழிகைப் பொழுதில் இழந்தோர் பலர்.

முன்பின் அறியாதவரிடமிருந்து கடிதம் வருவதும், அதனை நம்பிப் பணம் அனுப்புவதும் புதியன அல்ல. 19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘ஸ்பானியக் கைதி’ என்ற பெயரால் ஒரு வஞ்சகம் நடைபெற்று வந்தது. செல்வர் ஒருவர் ஸ்பானிய நாட்டுச் சிறையிற் கிடக்கின்றார், அவரை மீட்கச் சிறுதொகை அனுப்பினால் மறைத்து வைத்துள்ள பெருஞ்செல்வத்தில் ஒரு பங்கு தருவார் என்று கடிதம் வரும். பணம் சென்றதும் புதிதாக ஓர் இடையூறு தோன்றும். மேலும் பணம் வேண்டும் என்று மறுகடிதம் வரும். இந்தக் கதையின் சாரம் இன்றுவரை மாறவில்லை. மாறியது வேகம் ஒன்றே. அன்று ஒரு கடிதம் எழுதித் தபாலிற் சேர்க்க ஆன நேரத்தில், இன்று இலட்சம் பேருக்குச் செய்தி அனுப்பிவிடலாம். இலட்சத்தில் ஒருசிலர் நம்பினாலும் வஞ்சகனுக்கு அது போதுமானது.

குறுஞ்செய்தி பிறந்த வரலாற்றிலேயே அதன் குறைபாடும் தெரிகின்றது. 1992 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆம் நாள், நீல் பாப்வர்த் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் நத்தார் வாழ்த்து ஒன்றை அனுப்பினார். உலகின் முதற் குறுஞ்செய்தி அதுவே. அஃது ஒரு தொலைபேசியிலிருந்து சென்றதன்று; கணினி ஒன்றிலிருந்து தொலைபேசிக்குச் சென்றது. இன்றும் வங்கிகளும் கம்பனிகளும் அனுப்பும் செய்திகள் கணினிகளிலிருந்தே வருகின்றன. அவற்றில் அனுப்புவோரின் தொலைபேசி இலக்கத்துக்குப் பதிலாக, 11 எழுத்துகளுக்கு மேற்படாத ஒரு பெயரை இட்டுக்கொள்ளலாம். கட்டுப்பாடு இல்லாத இடங்களில், அப்பெயர் அவருக்கே உரியதா என்று எவரும் வினவுவதில்லை. கடித உறையின் பின்புறத்தில் ஒருவர் தாம் விரும்பிய பெயரை எழுதுவது போன்றதே இது. இதனிலும் மோசமான செய்தி ஒன்றுண்டு. ஒரே பெயரில் வரும் செய்திகளையெல்லாம் தொலைபேசி ஒரே கோவையில் அடுக்கி வைக்கின்றது. ஆதலால், வங்கி நேற்று அனுப்பிய உண்மைச் செய்தியின் கீழேயே வஞ்சகன் இன்று அனுப்பிய பொய்ச்செய்தியும் வந்து அமர்ந்துகொள்ளும்.

வேறொரு வழியும் உண்டு. தொலைபேசிக் கம்பனியின் கோபுரம்போல் நடிக்கும் கருவி ஒன்றை வாகனத்தில் வைத்துக்கொண்டு, தெருவிற் செல்வோரின் தொலைபேசிகளுக்கெல்லாம் செய்தி வீசுகின்றார்கள். இரண்டாந் தலைமுறை வலையமைப்பிலே தொலைபேசி தன்னை இன்னதென்று கோபுரத்துக்கு நிரூபிக்க வேண்டும். கோபுரம் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. அக்குறையையே இவர்கள் பயன்படுத்துகின்றனர். 2025 ஆம் ஆண்டில், லண்டன் மாநகரிற் காரில் இத்தகைய கருவியுடன் சுற்றித் திரிந்த ஒருவருக்கு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. எனவே, தொலைபேசித் திரையிற் காணும் பெயரை ஓர் அத்தாட்சியாகக் கொள்ளுதல் ஆகாது என்பது முதலில் மனத்திற் பதிய வேண்டிய உண்மையாகும்.

இச்செய்திகள் அணியும் வேடங்கள் சில. ‘தங்களுக்கு வந்த பொதியை ஒப்படைக்க முடியவில்லை, முகவரியைத் திருத்திச் சிறு கட்டணம் செலுத்துக’ என்பது ஒன்று. தபால் திணைக்களத்தின் பெயரால் இத்தகைய செய்திகள் பரவுவதை இலங்கைத் தபால் திணைக்களமே பொதுமக்களுக்கு அறிவித்து எச்சரித்துள்ளது. இங்கே கேட்கப்படும் கட்டணம் மிக அற்பமானது. அந்தச் சில்லறை வஞ்சகனுக்கு வேண்டியதன்று. அதனைச் செலுத்தும்போது எழுதப்படும் கடனட்டை இலக்கமே அவனுக்கு வேண்டியது. ‘தங்கள் வங்கிக் கணக்கு இன்றிரவு முடக்கப்படும்’ என்பது மற்றொன்று. பரிசு விழுந்தது என்பதும், வீட்டிலிருந்தே வேலை செய்து நாளொன்றுக்கு இத்தனை ஆயிரம் உழைக்கலாம் என்பதும் வேறு சில. இவற்றுள் முதலிரண்டும் அச்சத்தையும் கடைசி இரண்டும் ஆசையையும் தூண்டுகின்றன.

அன்பைத் தூண்டும் செய்தி இன்னும் கொடியது. ‘அம்மா, என்னுடைய போன் உடைந்துவிட்டது. இது புது நம்பர். அவசரமாகக் காசு வேண்டும்’ என்று வருவது அது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்க, பெற்றோர் இங்கே தனித்திருக்கும் இல்லங்கள் வடக்கிலும் கிழக்கிலும் அனேகம். புதிய இலக்கத்திலிருந்து மகன் எழுதுவது அவ்வீடுகளிற் புதுமையன்று. பிள்ளை இடரில் இருக்கின்றான் என்று கேட்டபின் ஆராய்ந்துகொண்டிருக்கத் தாய்மனம் இடங்கொடுப்பதுமில்லை. ஆயினும் அவ்வேளையிற் செய்யவேண்டியது ஒன்றே. மகனுடைய பழைய இலக்கத்துக்கு அழைத்து, அவன் குரலைக் கேட்டல் வேண்டும். அவன் எடுக்காவிடில் மருமகளையோ அயலிலுள்ள உறவினரையோ அழைத்தல் வேண்டும். குடும்பத்தார் மாத்திரம் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே தமக்குள் குறித்து வைத்து, பணம் பற்றிய பேச்சு எழும்போது அதனைக் கேட்பதும் நல்ல ஏற்பாடு.

இவ்வஞ்சகம் எவ்வாறு நடந்தேறுகின்றது என்பதற்குச் சிங்கப்பூரில் நிகழ்ந்தது ஒரு தக்க சான்று. 2021 ஆம் ஆண்டின் இறுதியில், அந்நாட்டின் பெரிய வங்கிகளுள் ஒன்றான ஓசிபிசி வங்கியின் பெயரால் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்திகள் சென்றன. கணக்கிலோ அட்டையிலோ ஒரு சிக்கல் நேர்ந்துள்ளது. இந்த இணைப்பை அழுத்திச் சரிசெய்க என்பதே செய்தி. அது வங்கியின் உண்மைச் செய்திகள் இருந்த அதே கோவையில் வந்து சேர்ந்தது. இணைப்பை அழுத்தியவர்கள் வங்கியின் தளத்தைப் போலவே தோன்றிய ஒரு பொய்த்தளத்தை அடைந்தனர். அங்கே தம் பயனர் பெயரையும் இரகசிய இலக்கத்தையும் எழுதினர். பின்னர் வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லையும் எழுதினர். மறுபுறத்தில் இருந்தவர்கள் அவற்றை அக்கணமே எடுத்து, வாடிக்கையாளரின் கணக்கைத் தம்முடைய தொலைபேசியிற் பதிவு செய்துகொண்டனர். அதன்பின் வீட்டுக்காரருடைய திறப்பு அவர்கள் கையில் இருந்தது. 790 பேர் மொத்தமாக 1 கோடியே 37 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளியை இழந்தனர். சராசரியாக ஒருவருக்கு 17,000 வெள்ளிக்கு மேலாகும்.

கல்வியும் கணினிப் பழக்கமும் மிகுந்த ஒரு நாட்டிலே இது நிகழ்ந்தது என்பது சிந்திக்கத்தக்கது. ஏமாந்தோர் அறிவிலிகள் என்று கூறுவது எளிது, ஆனால் உண்மையன்று. வேலைக்கு விரையும்போதோ, குழந்தைக்கு உணவூட்டும்போதோ, பாதி உறக்கத்திலோ வந்த செய்தியை, வங்கியின் பெயரைக் கண்டு நம்பியவர்களே அவர்கள். ஆதலாற் சிங்கப்பூர் அரசாங்கமும் வங்கிகளும் வாடிக்கையாளரைக் குறைகூறுவதோடு நின்றுவிடவில்லை. பணத்தை இழந்தோர் அனைவருக்கும் அவ்வங்கி நல்லெண்ண அடிப்படையில் முழுத்தொகையையும் வழங்கியது. வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் அழுத்தத்தக்க இணைப்புகளை நீக்கிவிட வேண்டும் என்று 2022 சனவரியில் வங்கிகளுக்கு விதிக்கப்பட்டது. புதிய தொலைபேசியிற் கணக்கைப் பதிவு செய்தால் அது செயற்படக் குறைந்தது 12 மணி நேரம் கழியவேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. அனுப்புவோர் தம் பெயரைப் பதிவு செய்தல் 2023 சனவரி இறுதியிலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. பதிவில்லாத பெயருடன் வரும் செய்தியின் தலையில் ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற எச்சரிக்கை காணப்படும். வங்கியும் தொலைபேசிக் கம்பனியும் தமக்குரிய கடமையிற் தவறினால், இழப்பை அவையே ஏற்கவேண்டும் என்ற ஒழுங்கும் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இதிலிருந்து பிற நாட்டாரும் பெறத்தக்க பாடம் தெளிவானது. ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு நாள்தோறும் இணைப்புகளை அனுப்பி, ‘இதனை அழுத்துக’ என்று பழக்கிவிட்டு, பின்னர் ‘இணைப்புகளை அழுத்தவேண்டாம்’ என்று விளம்பரம் செய்வது பொருந்தாது. அழுத்தும் பழக்கத்தை வளர்த்தவர்களுக்கும் பொறுப்பில் ஒரு பங்குண்டு.

இனி, ‘வணக்கம், நலமா? சென்ற வாரம் சந்தித்தோமே’ என்று இலக்கம் மாறி வந்ததுபோல வரும் செய்தியையும் குறிப்பிடுதல் வேண்டும். ‘நான் அவரல்லேன்’ என்று மரியாதைக்கு மறுமொழி எழுதினால், மன்னிப்பும் நட்பும் தொடரும். பல வாரங்கள் கழித்து, இலாபம் தரும் முதலீடு ஒன்றைப் பற்றிய பேச்சு மெல்ல எழும். முதலில் இட்ட சிறுதொகைக்கு இலாபம் திரும்பியும் வரும். பெருந்தொகை இட்டபின் நண்பரும் இல்லை, பணமும் இல்லை. இச்செய்தியை எழுதும் விரல்கள் சிலவேளை விலங்கிடப்பட்டவை என்பது இதனிலுள்ள பெருஞ்சோகம். மியன்மாரிற் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இத்தகைய மோசடி வேலையிற் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் 2023 ஆகஸ்டில் அறிவித்தது. நல்ல சம்பளத்தில் வேலை என்று நம்பிச் சென்று மியன்மாரிலே சிக்கிய இலங்கையரும் உளர். 2024 ஆம் ஆண்டில் அவர்களுட் சிலர் மீட்கப்பட்டு நாடு திரும்பினர். வேலை தருவதாகக் கூறும் ஒரு செய்தி, வாசிப்பவரின் பணத்தை மட்டுமன்றி அவரையே கொண்டுபோய்விடக்கூடும்.

அவ்வாறாயின், எதிர்பாராத செய்தி ஒன்று வந்தாற் செய்யத்தக்கது யாது? முதலாவது, தாமதித்தல். உண்மையான வங்கியோ திணைக்களமோ அரைமணி நேரம் காத்திருந்தமைக்காக எவரையும் தண்டிப்பதில்லை. எந்தச் செய்தி ‘இப்பொழுதே’ என்று நெருக்குகின்றதோ, அந்த நெருக்குதலே ஐயத்துக்குரிய முதல் அடையாளம். இரண்டாவது, அறிந்த வழியாற் செல்லுதல். செய்தியில் உள்ள இணைப்பையும் இலக்கத்தையும் விலக்கி, வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள இலக்கத்துக்கு அழைத்தோ, கிளைக்கு நேரிற் சென்றோ கேட்டறிதல். இணையத்தள முகவரியை ஆராய்ந்து உண்மை காண்பதற்கும் முறை உண்டு. ஆனால் வங்கியின் பெயரை முகவரியின் முற்பகுதியில் ஒட்டவைத்துக் கண்ணை மயக்குவது வஞ்சகருக்குக் கைவந்த கலை. ஆதலின் இணைப்பின் வழியே உட்புகாதிருப்பதே எல்லார்க்கும் இயலுவதாகிய நெறி. மூன்றாவது, ஒருமுறைக் கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லாதிருத்தல். அது வங்கி ஊழியருக்கும் சொல்லத்தக்கதன்று. செய்திக்கு மறுமொழி எழுதுவதும், ஏசி எழுதுவதும் வேண்டா. மறுமொழி எதுவாயினும், இந்த இலக்கத்தில் ஆள் உண்டு என்பதனை அது அறிவித்துவிடும்.

தவறி அழுத்திவிட்டவர் செய்யவேண்டியது வேறு. முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையையும் கணக்கையும் நிறுத்தும்படி கேட்டல் வேண்டும். பணம் பல கணக்குகளுக்கு மாறிச் சென்றுவிடுவதால், இங்கே ஒவ்வொரு நிமிடமும் பெறுமதி உடையது. பின்னர் கடவுச்சொற்களை மாற்றி, வந்த செய்தியை அழிக்காது படமெடுத்து வைத்து, பொலிசாரிடம் முறையிடல் வேண்டும். கணினிசார் இடர்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனை பெறலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் இத்தகைய குற்றங்களுக்கென்றே உள்ளது. சில நாள் கழித்து, ‘இழந்த பணத்தை மீட்டுத் தருகின்றோம், முற்பணம் அனுப்புக’ என்று ஒருவர் தொடர்புகொண்டால், அதுவும் அதே கூட்டத்தாரின் இரண்டாவது வலையென்று அறிதல் வேண்டும்.

இவை அனைத்துக்கும் தடையாக நிற்பது வெட்கம். ஓய்வூதியப் பணத்தை இழந்த முதியவர், பிள்ளைகள் ஏசுவார்கள் என்று அஞ்சி இரண்டு நாள் வாய்திறவாது இருப்பார். அந்த இரண்டு நாளிற் பணம் கடல் கடந்துவிடும். ஆகையால் வீட்டிலுள்ள இளையோர், முதியோரைப் பார்த்து ‘இதுகூடத் தெரியாதா’ என்று நகையாடுதலை ஒழித்தல் வேண்டும். ‘ஐயா, ஏதாவது செய்தி வந்தால் என்னிடம் காட்டுங்கள், எந்த நேரமானாலும் கேளுங்கள்’ என்று முன்னரே சொல்லி வைப்பது, தொலைபேசியில் ஏற்றும் எந்தப் பாதுகாப்புக் கருவியிலும் சிறந்த காவலாகும். பண்டு தந்தி வந்தால் அயலவர் கூடி வாசித்தனர்; வாசிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுசென்று காட்டுவதை எவரும் இழிவாக எண்ணவில்லை. குறுஞ்செய்தி தனியொருவர் கையிலே வந்து விழுவதால் அவ்வழக்கம் அற்றுப்போயிற்று. ஐயந்தரும் செய்தியை இன்னொருவருக்கு வாசித்துக் காட்டும் அந்தப் பழைய வழக்கத்தை மீண்டும் கைக்கொண்டால், வஞ்சகருடைய முயற்சியிற் பெரும்பகுதி பயனற்றுப் போகும்.