ஊரைக் காட்டுவதும் ஓர் அமானிதமே

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய இறுதித் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



நமது திருச்சிராப்பள்ளி, வெளிநாட்டு விருந்தினருக்குப் பழக்கப்பட்ட ஊர். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் ஆகிய நகரங்களிலிருந்து வரும் விமானங்கள் இங்கே நேராக இறங்குகின்றன. 2024ஆம் ஆண்டு விமான நிலையத்திற்குப் புதிய முனையமும் திறக்கப்பட்டது. நம் இல்லங்களில் பலவற்றில் ஆண்டுக்கொரு முறையேனும் மலேசியாவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ நண்பர் ஒருவர் குடும்பத்தோடு வந்து தங்குகிறார். முதல் நாள் வரவேற்பு முடிந்ததும் அவர் கேட்பது ஒன்றே: "உங்கள் ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?"

இது சாதாரணக் கேள்வி போலத் தோன்றும். ஆனால், இதற்கு நாம் சொல்லும் பதிலிலும், அவரை அழைத்துச் செல்லும் விதத்திலும் மார்க்கம் சம்பந்தப்பட்டிருக்கிறது. இன்றைய ஜும்ஆவில் அதையே சிந்திப்போம்.

விருந்தினரின் உரிமை

நபி இப்ராஹீம் (அலை) அவர்களிடம் முன்பின் அறியாத சிலர் வந்தார்கள். யார், எவர் என்று விசாரித்து நிற்காமல், அவர்கள் வீட்டாரிடம் சென்று கொழுத்த கன்றின் இறைச்சியைக் கொண்டுவந்து விருந்தினரின் அருகிலேயே வைத்தார்கள். இந்நிகழ்ச்சியைத் திருக்குர்ஆன் 51ஆம் அத்தியாயத்தில் அல்லாஹ் எடுத்துரைக்கிறான். அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புகிறவர் தம் விருந்தினரைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நபிமொழியின் கருத்தாகும். விருந்தோம்பல் மூன்று நாள். அதற்கு மேற்பட்டது தர்மம் என்றும், வீட்டாரைச் சங்கடப்படுத்தும் அளவுக்கு விருந்தினர் தங்கிவிடலாகாது என்றும் நபியவர்கள் கற்றுத் தந்தார்கள். ஆகவே, வீட்டுக்காரருக்கும் கடமை உண்டு. வந்தவருக்கும் கடமை உண்டு.

விருந்தோம்பல் என்றால் உணவு மட்டும்தானா? ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு ரமளானில், தாயிஃப் நகரத்து ஸகீஃப் குலத்தாரின் தூதுக்குழு மதீனா வந்தது. ஒரு காலத்தில் நபியவர்களைக் கல்லால் அடித்து விரட்டிய ஊரார் அவர்கள். அப்போது அவர்கள் இஸ்லாத்தையும் ஏற்றிருக்கவில்லை. அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவீயிலேயே கூடாரம் அமைத்துக் கொடுக்கப்பட்டது. குர்ஆன் ஓதப்படுவதை அவர்கள் காதால் கேட்டார்கள். மக்கள் அணிவகுத்துத் தொழுவதைக் கண்ணால் கண்டார்கள். நபியவர்கள் அவர்களுக்கு உணவளித்ததோடு நிறுத்திவிடவில்லை; மதீனாவின் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி காட்டினார்கள். அதைக் கண்டவர்களின் உள்ளம் கனிந்தது. விருந்தினருக்கு ஊரைக் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேறு வேண்டுமா?

விருந்தினர் ஒரு சாட்சி

சகோதரர்களே! வந்து போகும் விருந்தினர் நம்மைக் குறித்த சாட்சியாகவே திரும்பிச் செல்கிறார். நம் தமிழகத்திலேயே இதற்குச் சான்று உண்டு.

14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மதுரைக்கு வந்தார். அப்போது அங்கே ஆட்சி செய்த சுல்தான் கியாஸுத்தீன், இப்னு பதூதாவுக்கு நெருங்கிய உறவினர். இருவரும் ஒரே வீட்டுப் பெண்களை மணந்தவர்கள். சுல்தான் அவரை மதிப்போடு வரவேற்றார். ஆயினும், அந்தச் சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கூடக் கொன்ற கொடுமையை இப்னு பதூதா மறைக்கவில்லை. உண்ட வீடு என்றோ உறவினர் என்றோ பாராமல் தம் பயண நூலில் பதிவு செய்துவிட்டார். ஆறு நூற்றாண்டுகள் கடந்தும் உலகம் அதைப் படித்துக் கொண்டிருக்கிறது. அந்தச் சுல்தான் படைத்த விருந்தை இன்று நினைப்பார் இல்லை. அவர் செய்த அநீதி மட்டும் நிலைத்துவிட்டது.

ஆகவே, நம் விருந்தினர் ஊருக்குத் திரும்பிச் சென்று என்ன சொல்வார் என்பது, நாம் அவருக்கு எதைக் காட்டினோம் என்பதைவிட, எப்படி நடந்து காட்டினோம் என்பதையே பொறுத்தது.

திருச்சியில் எதைக் காட்டுவது?

நம்மில் பலர் விருந்தினரைக் கடைவீதிக்கு அழைத்துச் செல்கிறோம். பிரியாணி வாங்கிக் கொடுக்கிறோம். அத்துடன் ஊர் முடிந்துவிட்டதென்று எண்ணுகிறோம். பூமியில் பயணம் செய்து, படைப்பின் துவக்கத்தையும் முன்சென்றோரின் முடிவையும் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் (29:20, 30:9) நம்மைத் தூண்டுகிறது. அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த ஊரே ஒரு பாடசாலை.

நத்ஹர் வலீ (ரஹ்) அவர்களின் தர்காவிற்கு ஜியாரத்துக்காக அழைத்துச் செல்லும்போது, அந்த வளாகத்திலேயே அடங்கியிருக்கும் சந்தா சாஹிபைப் பற்றியும் சொல்லுங்கள். கர்நாடக நவாப் பதவிக்காக அவரும் முஹம்மது அலீ வாலாஜாவும் மோதிக்கொண்டனர். ஒருவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. மற்றவருக்கு ஆங்கிலேயர் துணை. 1751, 1752ஆம் ஆண்டுகளில் இந்தத் திருச்சிக் கோட்டையைச் சுற்றியே போர் நடந்தது. சந்தா சாஹிபு தோற்று 1752இல் கொல்லப்பட்டார். வென்ற வாலாஜாவோ ஆங்கிலேயரிடம் பட்ட கடனில் மூழ்கி, 1795இல் சென்னையில் மறைந்தார். அவருடைய உடலும் இந்தத் திருச்சி மண்ணிலேயே அடக்கப்பட்டது. அவர் மறைந்து ஆறே ஆண்டுகளில், 1801இல், நாடு முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பதவிக்காகச் சண்டையிட்ட இருவரும் ஒரே ஊர் மண்ணில் உறங்குகிறார்கள். ஆட்சியோ அந்நியனுக்குச் சென்றது. சகோதரச் சண்டையின் முடிவு இதுவென்று விருந்தினரின் பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்லலாம்.

மலைக்கோட்டையின் அடிவாரத்தில் தூய வளனார் கல்லூரி இருக்கிறது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் இங்கு வந்த கிறிஸ்தவக் கல்லூரி அது. இராமேஸ்வரத்தில் எளிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் 1954இல் பட்டம் பெற்றது அங்கேதான். பின்னாளில் அவர் இந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். அதேபோல், 1951இல் நம் பெரியோர்கள் நிறுவிய ஜமால் முஹம்மது கல்லூரியில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படித்து உயர்ந்திருக்கிறார்கள். இந்த ஊரில் கல்விக்குச் சமயம் தடையாக நிற்கவில்லை என்பதற்கு இவ்விரு வாசல்களும் சாட்சி.

கல்லணைக்கும் அழைத்துச் செல்லுங்கள். கரிகாலச் சோழனின் பெயரோடு வழங்கும் அந்த அணை ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் இடுவது எப்படி என்பதை அந்த அணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றதாக, 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டார். ஆளவந்தவரே ஆளப்பட்டவரிடம் பாடம் கற்றார்! அதே வேளையில், கோடையில் காவிரி மணலாகக் கிடந்தால் அதையும் மறைக்காதீர்கள். தண்ணீர் அல்லாஹ்வின் அருட்கொடை என்பதையும், அதை நாம் பேணத் தவறியதையும் அந்த மணல் சொல்லிக் காட்டும்.

ஸ்ரீரங்கத்தின் முன்னே

அடுத்து, கேட்கத் தயங்கும் ஒரு கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டு நண்பர் ஸ்ரீரங்கத்தைப் பார்க்க விரும்பினால் என்ன செய்வது?

பிற சமயத்தாரின் வணக்கத்தலத்தினுள் செல்வது குறித்து மார்க்கச் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெறுக்கத்தக்கது என்றவர்களும் உளர். ஆகும் என்றவர்களும் உளர். அங்கு நடைபெறும் வணக்கத்தில் நாம் பங்குகொள்ளலாகாது என்பதில் மட்டும் எவருக்கும் வேறுபாடு இல்லை. உமர் (ரலி) அவர்கள் ஜெருசலம் சென்றபோது அந்நகரத்துத் தலைமைப் பாதிரியார் அவர்களுக்குத் தேவாலயத்தைச் சுற்றிக் காட்டினார். தொழுகை நேரம் வந்தது. உள்ளேயே தொழலாம் என்று பாதிரியார் கூறியும் உமர் (ரலி) வெளியே வந்து தொழுதார்கள். "கலீஃபா தொழுத இடம்" என்று சொல்லிப் பிற்கால முஸ்லிம்கள் அந்த ஆலயத்தைப் பறித்துவிடக் கூடாதே என்பது அவர்களின் கவலை. வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் இந்நிகழ்ச்சியில் ஈமானின் உறுதியும் இருக்கிறது; அண்டையாரின் உரிமையைக் காக்கும் நீதியும் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் ஏழு சுற்று மதில்கள். வெளிச் சுற்றுகள் மக்கள் வாழும் வீதிகள். வீடுகளும் கடைகளும் நிறைந்தவை. சுமார் 156 ஏக்கர் பரப்பு, 21 கோபுரங்கள். 236 அடி உயரமுள்ள ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாமல் நின்று, 1987இல் நிறைவடைந்தது. பழமையைப் பேணிப் புதுப்பித்ததற்காக 2017இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அந்த வீதிகளில் நின்று இவற்றை விருந்தினருக்கு எடுத்துச் சொல்வதால் நம் ஈமானுக்கு எந்தக் குறைவும் வராது. உள்ளே எதுவரை செல்லலாம் என்று கோயிலார் வகுத்த எல்லையை மதிப்பதும் நம் பண்பு.

அங்கே விருந்தினர் கேட்கக் கூடும்: "முஸ்லிம் படைகள் இந்தக் கோயிலைத் தாக்கியதாகச் சொல்கிறார்களே, உண்மையா?" உங்கள் மகனும் அருகில் நின்று உங்கள் முகத்தையே பார்த்துக் கொண்டிருப்பான். அந்த நேரத்தில் என்ன சொல்வீர்கள்?

இரண்டு தவறான வழிகள் உண்டு. ஒன்று, "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று மறுப்பது. மற்றொன்று, அதையே வீரமாகப் பேசுவது. முதலாவது பொய், இரண்டாவது பாவம். 1311இல் டில்லியின் தளபதி மாலிக் காபூரின் படை இங்கு வந்தது. 1323இல் துக்ளக் படையும் வந்தது. செல்வம் கொள்ளை போயிற்று, உயிர்கள் மாண்டன. கோயிலார் தம் தெய்வத் திருமேனியைக் காக்க ஊர் ஊராக எடுத்துச் சென்று, 1371இல்தான் மீண்டும் கொண்டுவர முடிந்தது. இது நடந்த வரலாறு.

சாட்சியம் நமக்கோ, நம் பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் நீதியில் உறுதியாக நிற்க வேண்டும் என்பது திருக்குர்ஆன் (4:135) இடும் கட்டளை. மடாலயங்களும், தேவாலயங்களும், யூத ஆலயங்களும், பள்ளிவாசல்களும் இடிக்கப்படாமல் காக்கப்படுவதை 22:40ஆம் வசனம் அல்லாஹ்வின் ஏற்பாடாகச் சொல்கிறது. சிரியாவுக்குப் படை அனுப்பிய அபூபக்ர் (ரலி) அவர்கள், மடங்களில் ஒதுங்கி வாழும் துறவிகளைத் தொடாதீர்கள். பெண்களையும், குழந்தைகளையும், முதியோரையும் கொல்லாதீர்கள். கனி தரும் மரங்களை வெட்டாதீர்கள் என்று தம் தளபதிக்கு அறிவுறுத்தினார்கள். இந்த அளவுகோலை வைத்தே அந்த அரசர்களையும் அளக்க வேண்டும். பெயர் முஸ்லிம் பெயராக இருப்பதால் செயல் இஸ்லாமாகிவிடாது. "அது நடந்தது, அது அநீதி, எங்கள் மார்க்கம் அதைக் கற்றுத் தரவில்லை" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அந்த உண்மையே உங்கள் மகனுக்கு நீங்கள் தரும் சிறந்த தர்பியத்.

இன்னொன்றும் உண்டு. டில்லி சுல்தானின் மகள் ஒருத்தி அவர்களுடைய தெய்வத்தின் மீது அன்பு கொண்டாள் என்பது அக்கோயிலாரின் மரபுச் செய்தி. துலுக்க நாச்சியார் என்று பெயரிட்டு அவளுக்குக் கோயிலினுள்ளே ஓர் இடமும் வைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை அவர்களுடையது. நம்முடைய தவ்ஹீது தெளிவானது. அதில் குழப்பம் வேண்டாம். ஆனால், படையெடுப்பால் புண்பட்ட மக்கள், படையெடுத்தவர் இனத்துப் பெண்ணுக்கே தம் நினைவில் இடமளித்தார்கள் என்பதைச் சிந்தியுங்கள். பகையை ஆற்றிக்கொள்ள அவர்கள் ஒரு வழி கண்டார்கள். நம் பங்குக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்?

பிறர் வணங்குபவற்றை ஏசலாகாது என்று அல்லாஹ் (6:108) தடுத்திருக்கிறான். வீதியில் நின்று கேலி பேசுவது, ஏளனமாகப் படம் எடுப்பது, நம் மொழி புரியாத விருந்தினரிடம் அண்டையாரைத் தரக்குறைவாக விவரிப்பது ஆகிய எதுவும் முஸ்லிமுக்குத் தகாது.

கவனிக்க வேண்டியவை

இறுதியாகச் சில செய்திகள்.

விருந்தினர் ஊர் விலை அறியாதவர். அவரைத் துணிக்கடைக்கோ நகைக்கடைக்கோ அழைத்துச் சென்று, அவருக்குத் தெரியாமல் கடைக்காரரிடம் கமிஷன் பெறுவது நம்பிக்கைத் துரோகம். "அண்ணன் கூட்டிப் போகிறார்" என்று நம்பி வந்தவரின் பணம் உங்களிடம் அமானிதம்.

கடன் வாங்கி விருந்து செய்யாதீர்கள். விருந்தினருக்காக வரம்பு மீறிச் சிரமப்படுவதை நபியவர்கள் தடுத்ததாக ஸல்மான் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இருப்பதை அன்போடு வையுங்கள். வீட்டுப் பெண்களை அடுப்படியிலேயே விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் ஊர் சுற்றுவதும் நீதியன்று. விருந்தோம்பலின் பாரம் அவர்கள் மீது விழுந்தால் அதன் மகிழ்ச்சியிலும் அவர்களுக்குப் பங்கு வேண்டும்.

எங்கு சென்றாலும் தொழுகை நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக் கொள்ளுங்கள். விருந்தினர் முஸ்லிமல்லாதவராயின், பத்து நிமிடம் காத்திருக்குமாறு பணிவோடு கேட்டுவிட்டுத் தொழுங்கள். ஸகீஃப் குலத்தாரின் உள்ளத்தைக் கனிய வைத்ததும் அப்படிக் கண்ட தொழுகையல்லவா!

அன்பர்களே! மனிதர்களைப் பல சமூகங்களாக ஆக்கியது, ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று அல்லாஹ் (49:13) உணர்த்துகிறான். நம் வாசலுக்கு வரும் ஒவ்வொரு விருந்தினரும் அந்த அறிமுகத்திற்குக் கிடைத்த வாய்ப்பு. அவரிடம் நம் ஊரை மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். உள்ளதை, நீதியோடு, அழகிய சொல்லால் காட்டுவோம்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களில் பரக்கத்தையும், நம் நாவுகளில் உண்மையையும், நம் ஊர் மக்களிடையே நல்லிணக்கத்தையும் நிலைபெறச் செய்வானாக! விருந்தினரைக் கண்ணியப்படுத்தும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!