இருபது அடிக் குழாயும் ஒரு வீடும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் விழாவில் இரும்பு வீட்டைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கொல்லிமலையில், செம்மேட்டிற்கு அப்பால் வாழும் நம் உறுப்பினர் குடும்பம் ஒன்றைக் காணச் சென்றிருந்தோம். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவர்தம் மகள், மழை வந்தால் புத்தகங்களை அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிட்டு விளக்கை அணைத்துவிடுவதாகக் கூறினாள். புல் வேய்ந்த கூரை. ஐப்பசி மாதத்து மழை. ஆண்டுதோறும் நோட்டுப் புத்தகம் வழங்கி மகிழும் நாம், அவை நனையாதிருக்க ஓர் இடம் வேண்டுமே என்று ஒருநாளும் எண்ணியதில்லை. இவ்வேலை அன்று தொடங்கியது.

வீடு என்பது நம் மக்களுக்கு வெறும் நிழல் அன்று. அயல்நாட்டில் உயர்கல்வி பெற்றுத் திரும்பி, 1917-இல் பரோடா அரசுப் பணிக்குச் சென்ற அண்ணல் அம்பேத்கர் தங்க இடமின்றி, பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். அவரே பின்னர் பம்பாய் தாதரில் தம் நூல்களுக்கென்று ராஜகிருகம் என்னும் இல்லத்தைக் கட்டினார். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தது ஒரு குடிசைக்குள்ளே. இரும்பு வீடு கட்டினால் அத்தகைய கொடுமை அணுகாது என்று நாங்கள் கூற வரவில்லை. 2012-இல் தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியில், பாடுபட்டுக் கட்டிய வீடுகளும் எரிக்கப்பட்டன. ஆயினும் அடுப்புப் பொறிக்கும் அடைமழைக்கும் அஞ்சி வாழும் நிலையையேனும் நம் கையால் மாற்ற முடியும்.

அரசு வீடு கேட்கக் கூடாதா என்பீர்கள். கட்டாயம் கேட்க வேண்டும். அது நம் உரிமை. 2024-இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டிற்கு 3.50 லட்சம் ரூபாய் வகுக்கப்பட்டது. அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாக அமைய வேண்டும். எங்கள் இடர்ப்பாடு அங்கேதான் இருந்தது. அக்குடும்பத்தின் மனை, தார்ச்சாலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் நெடுந்தொலைவு ஏறிச் செல்லும் இடம். 200 சதுர அடிக்கு 4 அங்குலக் கனத்தில் தளம் போட்டால் அத்தளம் மட்டுமே நாலரை டன்னுக்கு மேல் எடை. அத்தனையும் தலைச்சுமை. எங்கள் வீட்டின் இரும்புச் சட்டகம் முழுவதும் ஏறத்தாழ 260 கிலோ. கணக்குப் போட்டபின் ஒருவரும் வாதிடவில்லை.

இனி அளவைச் சொல்கிறோம். கடையில் சதுரக் குழாய் 20 அடி நீளத்தில் விற்கப்படுகிறது. ஆகவே வீட்டின் நீளம் 20 அடி, அகலம் 10 அடி என்று வைத்தோம். வெட்டி எறியும் துண்டு மிகக் குறைவு. இரும்பு எடைக்கு விற்கும் பொருள். வீணாகும் ஒவ்வொரு முழமும் காசு. 50 மில்லிமீட்டர் சதுரமும் 3 மில்லிமீட்டர் தகட்டுக் கனமும் உடைய குழாய், 20 அடிக்குச் சுமார் 26 கிலோ நிற்கும். முன்தூண் ஒன்பதரை அடி, பின்தூண் 8 அடி, மேலே சரிவாக ஒரு சட்டம். இவை சேர்ந்தது ஒரு சட்டகம். இத்தகைய மூன்றைப் பத்தடிக்கு ஒன்றாக நிறுத்தினால் வீட்டின் எலும்புக்கூடு அமைந்துவிடும்.

முதலில் மலைமேலேயே பற்றவைக்க எண்ணினோம். மின்னழுத்தம் குறைந்த கம்பியில் வெல்டிங் இயந்திரத்தைப் பூட்டினால் தீப்பொறி நிலைப்பதில்லை, ராடு ஒட்டிக்கொள்ளும். மலைமூடுபனியில் ராடு ஈரம் ஏற்று, பற்றில் நுண்துளைகள் விழும். ஆதலின் பற்றவைப்பு அனைத்தையும் அடிவாரத்தில் முடித்து, மேலே போல்ட்டு பூட்டி நிறுத்துவதென முடிவு செய்தோம். காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சிறு வண்டியில் 20 அடிக் குழாய் நீட்டிக்கொண்டு சென்றால் வளைவுதோறும் பாறையை இடிக்கும். எனவே நீளக் குழாய்களைப் பத்தடியாக அறுத்து, இணைப்பு நடுத்தூணின் மேல் வருமாறு அமைத்தோம். ஒரு சட்டகம் 45 கிலோ. இருவர் தோளில் அது பாதையேறிற்று.

பற்றவைப்பை யார் செய்தது? இதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். நாமக்கல் வட்டாரம் லாரிக் கூண்டு கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றது என்பது நாடறிந்த செய்தி. அப்பட்டறைகளில் நம் பிள்ளைகளும் உள்ளனர். எங்கள் குழுவில் ஒரு தம்பி பட்டறையொன்றில் எட்டு ஆண்டுகள் இருந்தவர். எட்டு ஆண்டும் அவர் இரும்பு சுமந்தார், கசடு தட்டினார், சாயம் பூசினார். ஹோல்டரை மட்டும் அவர் கையில் எவரும் கொடுக்கவில்லை. அவருக்குப் பின் சேர்ந்தவர்கள் ஈராண்டில் ஹோல்டர் பிடித்தனர். ஏனென்று அவர் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்பதை இவ்வரங்கில் விளக்கத் தேவையில்லை. ஆனால் பார்த்தே அவர் யாவும் கற்றிருந்தார். எங்கள் வாடகை இயந்திரத்தில் அவர் போட்ட முதல் பற்றைத் தட்டிப் பார்த்தோம். மீன்செதில் போல் வரிசையாக இருந்தது. அன்று முதல் அவரே எங்கள் ஆசான்.

அவர் கற்பித்தவற்றுள் சில: முழுப் பற்று போடுமுன் நான்கு மூலையிலும் புள்ளிப் பற்று இட்டு, இரு குறுக்களவும் சமமா என்று நாடாவால் பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் குழாய்க்கு 2.5 மில்லிமீட்டர் ராடும் 60 முதல் 80 ஆம்பியர் வரையும் போதும். மிகுந்தால் குழாய் ஓட்டையாகும். ஒரு புறமே தொடர்ந்து பற்றவைத்தால் குளிரும்போது இரும்பு அப்பக்கம் இழுக்கும். மாற்றி மாற்றி வைக்க வேண்டும். இதைக் கேட்டும் நாங்கள் அவசரப்பட்டு முதல் சட்டகத்தை ஒரே புறமாக முடித்தோம். தூண் இரண்டு அங்குலம் சாய்ந்துவிட்டது. அறுத்து மீண்டும் செய்ததில் ஒரு ஞாயிறு போயிற்று. கறுப்புக் கண்ணாடியின்றி ஒருவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, இரவெல்லாம் கண்ணில் மணல் கொட்டியதுபோல் துடித்தார். துத்தநாகம் பூசிய குழாயை மூடிய அறையில் பற்றவைக்கவே கூடாது. அந்த வெண்புகை காய்ச்சலைத் தரும்.

மலைமேல் எங்களுக்குப் பகை எடையன்று, காற்று. இலேசான வீட்டைக் காற்று தூக்கப் பார்க்கும். ஒவ்வொரு தூணுக்கும் இரண்டடிச் சதுரத்தில் மூன்றடி ஆழக் குழி தோண்டி, மலைக்கல்லும் கான்கிரீட்டும் நிரப்பி, அதில் பதித்த போல்ட்டுகளில் தூணின் அடித்தகட்டை முடுக்கினோம். மூலைகளில் குறுக்குக் கம்பி கட்டாயம் வேண்டும். தகரக் கூரையில் இன்னொரு தொல்லையும் உண்டு: குளிர்ந்த விடியலில் உள்மூச்சு நீராகி மேலிருந்து சொட்டும். கீழே மூங்கில் பாய் தைத்து, இடையே காற்றுப் போக வழி விட்டோம். சுவரை மட்டும் மண்ணால் எழுப்பினோம். மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக மண்சுவருக்குள் வாழ்வது அறியாமையால் அன்று; அக்குளிருக்கு அதைவிடக் கதகதப்பானது வேறில்லை. சுவர் வைத்துத் தந்தவர்களும் அக்கம்பக்கத்து மலையாளிக் குடும்பத்தினரே. தகட்டால் சுவர் அடைக்கலாம் என்ற எங்கள் எண்ணத்தைச் சிரித்தே தள்ளிவிட்டனர்.

குழாயின் திறந்த வாய்களைத் தகடு வைத்து அடைத்தோம். நீர் புகுந்தால் உள்ளிருந்தே துரு தின்னும். பற்றுகளின் மேல் கசடு நீக்கி, ரெட் ஆக்சைடு இருமுறை பூசினோம். ஈராண்டுக்கு ஒருமுறை தூணின் அடியைப் பார்த்துச் சாயம் பூச வேண்டும் என்று அம்மாணவியிடமே சொல்லி வந்தோம். பிரஷ்ஷும் அவளிடம் உள்ளது. புத்தகங்கள் இப்பொழுது சன்னலோரம் ஒரு பலகையில் இருக்கின்றன.

இளைஞர்களுக்கு ஒரு செய்தி. தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். கொல்லிமலையிலேயே பழங்குடியினர்க்கான அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. பள்ளியை விட்ட பிள்ளை இனி எதற்கும் ஆகாது என்று நம் வீடுகளில் சொல்வது நிற்க வேண்டும். எங்கள் ஆசானாகிய தம்பியும் பள்ளியை முடிக்காதவரே. அவர் இவ்வாண்டு அதில் சேர விண்ணப்பித்திருக்கிறார். கைத்திறன் முன்னமே இருக்கையில் சான்றிதழ் எதற்கு என்றார் ஒருவர். ஹோல்டரைத் தர மறுப்பவனிடம் காட்டத்தான் என்றார் தம்பி.

அடுத்த வீட்டிற்குரிய குழாய்கள் வந்துவிட்டன. பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு அடிவாரத்தில் அறுப்பு வேலை தொடங்கும். ஆண், பெண் இருபாலரும் வரலாம். எவருக்கும் கசடு தட்டும் வேலை மட்டும் என்பது இல்லை, யாவரும் ஹோல்டர் பிடிப்பர். பருத்தி உடையும் மூடிய காலணியும் அணிந்து வருக. நைலான் துணி பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கறுப்புக் கண்ணாடி எங்களிடம் நான்கு உண்டு.