பெயர் தெரியாத ஆமூர் மல்லன்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் பேசுவதற்கு மல்யுத்தம் ஒரு பொருளா என்று முகம் சுளிப்போர் இருக்கக்கூடும். கவிதையும் நாவலும் காத்திருக்க, அமெரிக்கத் தொலைக்காட்சியில் கட்டிப் புரளும் பேருடல் மனிதர்களுக்கு இங்கே என்ன வேலை என்று அவர்கள் கேட்கலாம். விடை புறநானூற்றிலேயே இருக்கிறது. அதில் 80 முதல் 85 வரை உள்ள ஆறு பாட்டுகளும் ஒரே வீரனைப் பற்றியவை. அவன் செய்த மற்போரைச் சுற்றியே எழுந்தவை.

அவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. உறையூர்த் தித்தனின் மகன். தந்தைக்கும் மகனுக்கும் ஆகவில்லை. முக்காவல் நாட்டு ஆமூரில் அவன் ஒரு மல்லனோடு பொருது அவனை வீழ்த்தினான். அதைப் பாடிய சாத்தந்தையார் களத்தின் ஓரத்திலேயே நின்றவரைப் போலப் பேசுகிறார். ஒரு கால் எதிரியின் மார்பில் ஊன்றியிருக்கிறது. மறு கால் அவன் செய்யவிருந்த தந்திரத்தைத் தடுத்து முதுகுப்புறம் போயிருக்கிறது. பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல இரு பக்கமும் ஒடியத் தாக்கினான் என்கிறார். வெறுமனே வீரம் என்று புகழாமல், பிடியைப் பிடியாகவே கண்டு சொல்லும் கண் அது. தித்தன் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இதை ஒருமுறை வந்து பார்க்கவேண்டும் என்றும் ஏங்குகிறார்.

82ஆம் பாட்டு இன்னும் வியப்புக்குரியது. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி. வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. இந்த வேளையில் கட்டிலுக்கு வார் பிணைத்துக்கொண்டிருக்கும் ஒரு தொழிலாளியின் கையில் ஊசி எத்தனை விரைவாக ஓடும்? அதனினும் விரைவாக முடிந்ததாம் அந்தப் போர். அரசமகனின் வேகத்தை அளப்பதற்கு ஓர் ஏழை உழைப்பாளியின் அவசரத்தை அளவுகோலாக எடுத்த இந்த உவமைக்கு ஈடு தேடுவது கடினம்.

அடுத்த மூன்று பாட்டுகளும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாருடையவை. மற்போரின் ரசிகை என்று தமிழில் முதலில் சுட்டத்தக்கவர் அவரே எனலாம். கூழ் உண்டும் தோள் பெருத்த அந்த வீரன்மீது அவருக்குக் காதல். வளை கழன்று விழுவதைத் தாய் கண்டுவிடுவாளோ என்று ஓர் அச்சம். அவை நடுவே தழுவ நாணம். ஊரோ இரண்டுபட்டுக் கிடக்கிறது. அவனுக்கு இது சொந்த ஊரும் அன்று, சொந்த நாடும் அன்று. வென்றான் என்கிறது ஒரு கூட்டம், இல்லை என்கிறது இன்னொரு கூட்டம். சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், வீட்டுப் பனைமரத்தின் அடியில் ஒட்டி நின்று, அவன் வெற்றியைத் தானே கண்டதாகச் சொல்கிறார். ஊர்ப்பேச்சை நம்பாமல் தன் கண்ணை நம்பியவர்.

ஆறு பாட்டிலும் ஒரு செய்தி இல்லை. விழுந்தவன் பெயர் இல்லை. ஆமூர் மல்லன் என்பதோடு நின்றுவிடுகிறது. அவனுக்கும் ஒரு பனைமரம், அதன் பின்னே ஒரு பெண் இருந்திருக்கலாம். வென்றவர்களுக்குப் பெயர்ப் பஞ்சம் நேர்ந்ததே இல்லை. திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தவன் எனப் பெரியபுராணம் கூறும் பல்லவ மன்னனை மகேந்திரவர்மன் என்பார்கள் ஆய்வாளர்கள். அவன் மகன் நரசிம்மவர்மன் மாமல்லன் என்று பட்டம் சூடிக்கொண்டான். ஒரு கடற்கரைப் பட்டினமே அந்தப் பட்டத்தைச் சுமந்து நிற்கிறது. (நம் வட்டாரத்து மல்லாட்டைக்கு மட்டும் இதில் பங்கில்லை, அது மணிலாவிலிருந்து வந்த கொட்டை.)

விழுந்தவனுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று கண்டுகொண்டது, படித்தவர்கள் பொய்ச்சண்டை என்று ஒதுக்கும் தொழில்முறை மல்யுத்தம்தான். அதன் ரசிகன் பல்லாண்டு பார்த்துப் பார்த்து அடைந்த கருத்து இது.

அந்த ரசிகனின் பரம்பரை தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறை கொண்டது. முதல் தலைமுறை தாராசிங்கையும் கிங்காங்கையும் அறிந்தது. ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா என்பவரே கிங்காங் என்ற பெயரில் இந்தியாவெங்கும் மலைபோல் வந்து நின்று, பஞ்சாபின் தாராசிங்கோடு மோதினார். 1970இல் சிங்கப்பூரில் இறந்தார். தாராசிங் 1968இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம் பெற்றார், பின்னர் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக வந்தார், 2012இல் மறைந்தார். நோஞ்சான் ஒருவன் மார் தட்டினால், பெரிய தாராசிங் என்று நினைப்போ என்று கேட்கும் வழக்கம் அவர் விட்டுச்சென்ற சொத்து.

இரண்டாம் தலைமுறை 1990களில் கேபிள் தொலைக்காட்சியோடு வந்தது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற எழுத்துகள் (2002இல் அது டபிள்யூ.டபிள்யூ.ஈ. ஆயிற்று) அரிச்சுவடிபோல் சிறுவர் வாயில் புகுந்தன. வீரர்களின் படமும் உயரமும் எடையும் மார்பளவும் அச்சிட்ட சீட்டுக்கட்டுகள் பெட்டிக்கடைகளில் தொங்கின. அண்டர்டேக்கர் செத்துச் செத்துப் பிழைப்பவர் என்று பள்ளிக்கூட வாசலில் சத்தியம் செய்தார்கள். பெரியவர்களோ, எல்லாம் ஏற்பாடு என்று ஒரே சொல்லில் முடித்தார்கள்.

ஏற்பாடுதான். அதை நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1989இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், தாங்கள் நடத்துவது போட்டியன்று, மக்களை மகிழ்விக்கும் நிகழ்ச்சியே என்று நிறுவனத்தார் சொன்னார்கள். விளையாட்டுக்குரிய அரசுக் கட்டுப்பாடுகளிலிருந்து தப்புவதற்காகச் சொன்ன உண்மை அது. ரோலான் பார்த் இதற்கு முன்பே, 1957இல் வந்த 'மைதாலஜீஸ்' நூலின் முதல் கட்டுரையில், மல்யுத்தம் விளையாட்டன்று, காட்சி என்று எழுதிவிட்டார். குத்துச்சண்டையில் யார் வெல்வார் என்று பந்தயம் கட்டலாம், மல்யுத்தத்தில் அதற்குப் பொருளே இல்லை என்பது அவர் வாதம். அமைப்பியல் பேசிய நம் சிற்றிதழ்கள் பார்த்தை எடுத்துவந்தபோது அந்த மல்லர்களுக்கு உரிய இடம் தரவில்லை.

கெடிலக் கரையில் கூத்துப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பார்த் தேவையே இல்லை. திரௌபதை அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போர் ஆடும் இரவில், துரியோதனன் சாகப்போகிறான் என்பது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். முடிவு தெரியாததால் அன்று; அவன் எப்படி விழுகிறான் என்று பார்ப்பதற்கு. துரியோதனன் வேடம் எளிதில் யாருக்கும் தரப்படுவதில்லை. குரலும் உடலும் வாய்த்த கலைஞனுக்கே அது. படுகளத்தன்று மண்ணில் பெரிதாகப் படுத்திருப்பதும் அவன் உருவமே. வென்ற வீமனுக்கு அப்படி மண்ணுருவம் செய்வதில்லை. இன்னொன்றும் உண்டு. இடுப்புக்குக் கீழே அடிக்கக்கூடாது என்பது கதைப்போரின் விதி. கண்ணன் குறிப்புக் காட்ட, வீமன் தொடையில் அடிக்கிறான். விதியை மீறியவனுக்கே கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. நடுவர் முகம் திருப்பிய கணத்தில் நாற்காலியால் அடிக்கும் அமெரிக்க மல்லன் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

திருவதிகை வீரட்டானத்தில் முப்புரம் எரிந்த கதையிலும் விழுந்தவர்கள் மறைந்துபோகவில்லை. அசுரரில் மூவர் பிழைத்ததையும், இருவர் வாயிற்காவலரானதையும், ஒருவர் முழவு முழக்கியதையும் சுந்தரர் தேவாரம் குறிக்கிறது.

1987 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் பாண்டியாக் நகரில் ஹல்க் ஹோகன் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுப் பேருருவைத் தூக்கி அடித்தார். கூட்டம் 93,173 என்று நிறுவனம் அறிவித்தது. கணக்கை ஐயுறுவோர் உண்டு. ஹோகனின் புயவலிமையைப் பற்றி அன்று உலகமே பேசிற்று. தேர்ந்த ரசிகன் வேறு ஒன்றைப் பார்க்கிறான். ஆந்த்ரேயின் உடல் ஓயாது வளரும் நோயால் சிதைந்துகொண்டிருந்தது. முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. ஆடைக்குள் பட்டை அணிந்திருந்தார். அவ்வளவு பெரிய உடல் தானாக இசைந்து எழும்பினாலன்றி ஒருவராலும் தூக்க முடியாது. ஹோகனைத் தூக்கியவர் ஆந்த்ரேதான். ஆறாண்டுக்குள், 1993 சனவரியில், அவர் இறந்தார். 2025இல் ஹோகன் இறந்தபோது உலகெங்கும் காட்டப்பட்ட காட்சி அந்தத் தூக்குதலே.

ஹோகனிடம் வித்தைகள் சிலவே. கூட்டத்தின் நாடியைப் பிடிக்கும் கை மட்டும் பெரிது என்பது ரசிகனின் கணிப்பு. இமாசலப் பிரதேசத்துக் காளி 2007இல் உலகப் பட்டம் பெற்றபோது இந்திய வீடுகளில் மகிழ்ச்சி பொங்கியது. ஆனால் அவர் நின்றாலே போதுமென்று வைத்துவிட்டார்கள். விழுவதற்கான கலையை அவரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. அண்டர்டேக்கரின் பேரிரவு எது என்றால், வென்ற இரவுகளில் ஒன்றையும் தேர்ந்த ரசிகன் சொல்வதில்லை. ரெசில்மேனியாவில் 21 முறை வென்றவர் 2014 ஏப்ரலில் பிராக் லெஸ்னரிடம் தோற்றார். அரங்கு ஓசையற்றுப் போயிற்று. திரையில் ஒளிர்ந்த எண்ணை நம்பாமல் வாய் பிளந்து நின்ற முகங்களைப் படக்கருவி மாறி மாறிக் காட்டியது.

மிக் ஃபோலியைக் கவிஞர்கள் தனியே அறியவேண்டும். 1998 சூன் 28, பிட்ஸ்பர்க். 16 அடி உயரக் கம்பிக்கூண்டின் மேலிருந்து அண்டர்டேக்கர் அவரைத் தள்ளினார். வர்ணனையாளர் மேசை பிளக்க விழுந்தார். அது திட்டமிட்டது. மீண்டும் ஏறினார். இம்முறை கூண்டின் கூரை பெயர்ந்து உள்ளே விழுந்தது திட்டத்தில் இல்லை. பல் உடைந்து, உதடு கிழிந்து, அதன் பின்னும் ஆடி முடித்துத் தோற்றார். அடுத்த ஆண்டே தம் வாழ்க்கையைத் தம் கையாலேயே எழுதி வெளியிட்டார். எழுத்தாளரை அமர்த்திச் சொல்லி எழுதவைக்கும் துறையில் இது அரிது. அந்நூல் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடம் பெற்றது.

ஏற்பாடு என்ற சொல்லின் எல்லை எது என்பது இரு சகோதரர்களின் வாழ்வில் தெரியவந்தது. கனடாவின் பிரெட் ஹார்ட் 1997 நவம்பர் 9 அன்று, வேறு நிறுவனத்துக்குப் போகும் வேளையில், சொந்த நாட்டு மண்ணான மாண்ட்ரியலில் அந்த எதிராளியிடம் தோற்கச் சம்மதிக்கவில்லை. அவர் பணிந்ததாகச் சைகை காட்டாமலே மணி அடிக்கவைத்தார் முதலாளி. விழ இசையாதவனை விழுந்ததாக அறிவித்த இரவு அது. பொய் என்று எல்லாரும் அறிந்த ஆட்டத்தில் ஒருவர் மெய்யாகவே வஞ்சிக்கப்பட்டார்.

தம்பி ஓவன் ஹார்ட், 1999 மே 23 அன்று கான்சஸ் நகரில் முகமூடி அணிந்த கோமாளி வீரனாகக் கூரையிலிருந்து கம்பியில் இறங்கவிருந்தார். கொக்கி விடுபட்டு, ஏறத்தாழ 24 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். தொலைக்காட்சியில் அந்த வீழ்ச்சி காட்டப்படவில்லை. இது நிகழ்ச்சியின் பகுதி அன்று, மெய் என்று வர்ணனையாளர் சொல்லவேண்டியிருந்தது. நம்பாதே என்று பழக்கப்பட்ட கூட்டத்திடம் நம்புங்கள் என்று மன்றாடிய குரல் அது. பின்னும் நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை. அதே களத்தில் மற்றவர்கள் ஏறி ஆடினார்கள். ரசிகனின் ரசனையில் அன்று விழுந்த கறை எளிதில் போவதன்று. எத்தனை உயரத்திலிருந்து விழுந்தால் கைதட்டுவது என்ற கணக்கை ஏற்றிக்கொண்டே போனதில் அவனுக்கும் பங்கு உண்டு.

ஓவனின் மனைவி மார்த்தா ஹார்ட் வழக்குத் தொடுத்தார். 2000இல் ஏறத்தாழ 1.8 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. கணவர் பெயரில் ஓர் அறநிறுவனம் நடத்துகிறார். நிறுவனத்தின் புகழ்வீரர் வரிசையில் ஓவனைச் சேர்க்க அவர் இசையவில்லை. அந்தப் பெயரை அவர்கள் கையில் தர மறுத்தவர், 2021இல் வேறொரு மல்யுத்த நிறுவனத்துக்கு ஒப்புதல் அளித்தார். 2022 முதல் அங்கே ஓவன் ஹார்ட் கோப்பைக்கு ஆண்களும் பெண்களும் போட்டியிடுகிறார்கள்.