நிறுத்திய வண்டி நிற்கும் விதம்



கந்தசஷ்டி விழாவின்போதோ, மாலை அணிந்த ஐயப்ப பக்தர்கள் ஆந்திரத்திலிருந்தும் கன்னட நாட்டிலிருந்தும் வந்து குவிகிற கார்த்திகை, மார்கழி மாதங்களிலோ, திருச்செந்தூரில் யாத்திரைப் பேருந்துகள் நிற்கும் திடல்களின் பக்கம் காலைப் பொழுதில் நடந்து சென்றவர்கள், அந்த வண்டிகள் சில நாழிகைக்கேனும் வீடுகளாகவே மாறிவிடுவதைக் கண்டிருப்பார்கள். ஒரு வண்டியின் பின்புறம் அடுப்பு மூட்டிப் பொங்கல் கிண்டுகிறார்கள். ஜன்னல் கம்பியில் முடிந்த கயிற்றிலே ஈர வேட்டிகள் கடற்காற்றில் படபடக்கின்றன. நாழிக்கிணற்றில் நீராடி வந்த மூதாட்டி ஒருத்தி, பின்சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தலையை உலர்த்துகிறாள். பத்து டன்னுக்கு மேற்பட்ட அந்தப் பாரம் ஓர் அங்குலமும் அசையாது என்னும் நிச்சயத்தை அவளுக்கு அளிப்பது எது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மேல்நாடுகளில், முக்கியமாக அமெரிக்காவில், படுக்கையறை, சமையலறை, குளியலறை சகிதமாக வீட்டையே வண்டியாகக் கட்டி, மாதக்கணக்கில் அதிலேயே வசித்துத் திரிபவர்கள் அநேகர். அவ்வீட்டு வண்டிகளில் மிகப் பெரியவை நம் பேருந்துகளைப் போலவே காற்றழுத்த பிரேக் பூட்டியவை. ஆகையால் நம்மூர்த் திடலில் நிற்கும் வண்டியைப் பற்றிச் சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

பெரும் பாரத்தை நிறுத்தி வைக்கும் வித்தை இவ்வூருக்குப் புதிதன்று. ஆவணித் திருவிழாவிலும் மாசித் திருவிழாவிலும் பத்தாம் நாள் தேர் புறப்படும்போது, வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேராக இருந்தாலும், அதைத் திருப்பவும் நிறுத்தவும் வல்லவர்கள், சக்கரத்தோடு சக்கரமாக நடந்து, குனிந்து, முட்டுக்கட்டை கொடுக்கும் சிலரே. நல்ல காரியத்தைக் கெடுப்பவனை 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று நாம் வசையாகச் சொல்லிப் பழகிவிட்டோம்; உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரைக் காக்கிற அந்தத் தொழிலுக்கு இது நியாயமான கைம்மாறு அன்று என்பது என் அபிப்பிராயம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்தளித்த பின்னரும், கட்டை கொடுப்பவர்களுக்கு அங்கே வேலை இல்லாமற்போய்விடவில்லை.

பேருந்து ஓடும்போது அதை நிறுத்துவது காற்று. எஞ்சின் சுழற்றும் கம்ப்ரஸர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ அழுத்தத்தில் காற்றைத் தொட்டிகளில் நிரப்பி வைக்கிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தினால் அக்காற்று சக்கரத்தருகே உள்ள இரும்புக் கலங்களுக்குப் பாய்ந்து, தண்டைத் தள்ளி, பிரேக் ஷூக்களை டிரம்மின் உட்சுவரோடு நெருக்குகிறது. ஆனால் காற்று கசியும் இயல்புடையது. இரவெல்லாம் நிற்க வேண்டிய வண்டியைக் காற்றின் பலத்தை நம்பி விட்டுவைத்தால், காற்று குறையக் குறையப் பிடியும் தளர்ந்து, எல்லாரும் அயர்ந்து உறங்கும் நேரத்தில் வண்டி நகரத் தொடங்கிவிடும்.

இந்த அபாயத்தைத் தவிர்க்கத்தான் பொறியியலார் காரியத்தைத் தலைகீழாக மாற்றினார்கள். பின்சக்கரத்துக் கலத்தோடு இன்னொரு கலத்தைச் சேர்த்து, ஏறத்தாழ ஒரு டன் பலத்தோடு உந்தக்கூடிய தடித்த சுருள்வில் ஒன்றை அதற்குள் அடக்கி வைத்தார்கள். அந்த வில்லுக்குத் தெரிந்த வேலை ஒன்றே: விரிந்து, தண்டைத் தள்ளி, பிரேக்கைப் பிடிப்பது. வண்டி ஓடும் நேரமெல்லாம் அதை ஒடுக்கி, பிடிக்கவிடாமல் தடுத்துக்கொண்டிருப்பதே காற்றின் வேலை. ஓட்டுநர் கைக்கருகே உள்ள சிறு நெம்புகோலைத் திருப்பியதும், 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு கேட்கிறதே, அது ஒடுக்கி வைத்திருந்த காற்று வெளியேறும் ஓசை. அக்கணமே வில் விரிந்து சக்கரத்தைப் பற்றிவிடுகிறது. அமெரிக்க வண்டிகளில் நெம்புகோலுக்குப் பதிலாக மஞ்சள் நிறத்துச் சதுரக் குமிழ் இருக்கும். இழுத்தால் பிடிக்கும், அழுத்தினால் விடும். குழாய் வெடித்தாலும், தொட்டி ஓட்டையானாலும், காற்று போனால் வண்டி நிற்கும். விடியற்காலையில் ஓட்டுநர் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு காத்திருப்பதைக் கண்டு பயணிகள் பொறுமை இழப்பதுண்டு. 'ஏர் ஏறட்டும்' என்று அவர் சொல்வது, வில்லை ஒடுக்கப் போதிய அழுத்தம் சேரட்டும் என்பதைத்தான்.

காற்று போனால் நிற்க வேண்டும் என்னும் எண்ணம் ரயிலில் பிறந்தது. அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் செய்த முதல் காற்று பிரேக்கில், குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லாமற்போகும். 1872-இல் அவர் அதைத் திருத்தி, குழாய் அறுந்தால் ஒவ்வொரு பெட்டியும் தன்னிடமுள்ள தொட்டிக் காற்றைக்கொண்டு தானே பிரேக் பிடிக்கும்படி செய்தார். எனினும் அங்கே பிடிப்பதும் காற்றே அல்லவா? 2013 ஜூலையில், கனடாவின் லாக்-மேகான்டிக் என்னும் சிற்றூருக்கு மேலே சரிவில் இரவு நிறுத்திய எண்ணெய் ரயிலில், எஞ்சின் அணைந்து காற்று கசிந்துபோக, திருகி வைத்திருந்த கைபிரேக்குகளும் போதாமற்போக, அது உருண்டு ஊருக்குள் பாய்ந்து தீப்பற்றியதில் 47 பேர் மாண்டனர். காற்றை நம்பாமல் இரும்பு வில்லை நம்புவதன் அருமையை அந்தத் துக்ககரமான இரவு எனக்கு உணர்த்திற்று.

சற்றுச் சிறிய வீட்டு வண்டிகளில் காற்றுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தம் வில்லை ஒடுக்கி வைப்பதும் உண்டு. அவற்றில் சிலவற்றின் நிறுத்தப் பிரேக் சக்கரத்தில் இராது. கியர்பாக்ஸின் பின்னே, சக்கரங்களைச் சுழற்றும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின்மேல் ஒரே ஒரு டிரம்மாக இருக்கும். ஷாஃப்டோ அதன் மூட்டோ முறிந்தால் டிரம் பிடித்தபடியே இருக்க, சக்கரம் மட்டும் உருளும்.

நம்மூர் வண்டிக்கு வேறொரு சத்துரு உண்டு, அது உப்புக்காற்று. தூத்துக்குடித் துறைமுகத்து டிரெய்லர்களைப் பழுது பார்ப்பவர்களைக் கேட்டால் தெரியும். கலத்துக்குள் ஈரமும் உப்பும் புகுந்து வில் துருவேறி, வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் உள்ளேயே ஒடிந்துபோகலாம். ஒடிந்த வில் வண்டியைப் பிடிக்காது. அதைப் பார்த்துவிடலாம் என்று பழக்கமில்லாதவர்கள் கலத்தைக் கழற்றுவது மகா அபாயம். அடங்கியிருக்கும் வில் பீரங்கிக் குண்டுபோல் வெளியே பாயும். தொட்டிகளின் அடியிலும் நீர் சேரும். கவனமுள்ள ஓட்டுநர் அங்குள்ள திருகை அன்றாடம் திறந்து விடும்போது, மோர் நிறத்தில், எண்ணெய் கலந்த நீர் பீறிட்டு மண்ணை நனைப்பதை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட ஓட்டுநர் ஒருவர், சென்ற மாசித் திருவிழாவின்போது, வண்டியைத் திடலில் ஒதுக்கி நெம்புகோலைத் திருப்பிவிட்டு, இறங்குமுன்னே குரல் கொடுத்தார்: "எலே, கட்டை குடுத்தியா?" கிளீனர்ப் பையன் முக்கோணமாகச் செதுக்கிய இரண்டு கட்டைகளைப் பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செருகிவிட்டு, "குடுத்தாச்சு அண்ணாச்சி" என்றான். அவர் இறங்கி வந்து, இரண்டையும் காலால் ஒரு முறை எத்திப் பார்த்துவிட்டு, அதன் பிறகே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடலாடப் போனார்.