பமுனுவைத் துணிக்கடைத் தெரு

1977ஆம் ஆண்டுக்குப் பின்னர் இலங்கையிலே ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றில் மிஞ்சிய துணிகளுக்கு, கொழும்பின் அயல்நகராகிய மகரகமையை அடுத்த பமுனுவை பெருஞ்சந்தையாயிற்று. அங்கே வீட்டின் முன்விறாந்தை கடையாகும், பின்னறை பண்டகசாலையாகும், குடும்பம் மேன்மாடிக்கு ஏறிவிடும். பிள்ளைகள் படிப்பதற்கு ஓர் அமைதியான மூலை கிடைப்பதுதான் அரிது.

கடைக்காரரின் கவலை வேறு. 2011இல் அருகிலுள்ள கொட்டாவையிலிருந்து காலிக்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. சுற்றுப்புறக் காணிகளின் விலையும் ஏறிற்று. துணி விற்பதினும் கடையை வாடகைக்கு விடுதலே இலாபமெனக் கணக்குச் சொல்லும். ஆயின், ஹோமாகமைக்குக் குடிபெயர்ந்தால், முகம் பார்த்துக் கடன் கொடுத்த வாடிக்கையாளரை எங்ஙனம் தேடிப் பிடிப்பது? “இந்த வருடமும் பார்ப்போம்” என்று மனைவியிடம் கூறியவாறே அவர் அளவுகோலைக் கையிலெடுக்கிறார்.